முத்திரை உடையாத ஆணிப்பெட்டி

கிருபாராணி கைக்குட்டையை அவிழ்த்து, உடைந்த ஆணிகளை நாராயணப்பனின் மேஜைமேல் கொட்டினாள்.

"பத்து அடிச்சாங்க, ஏழு உடைஞ்சுது. சனிக்கிழமைக்குள்ள காரணம் சொல்லணுமாம். இல்லேன்னா, உடைஞ்சுதுன்னே அந்த வரி அதிகாரி எழுதிடுவாராம்."

1955ஆம் வருஷம், நவம்பர் மாதத்து வியாழக்கிழமை காலை. ஓசூரில் பனி இன்னும் கலையவில்லை. நாராயணப்பன் மாட்டுப் பண்ணையில் முப்பது வருஷம் கிடங்குக் காப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவர். ஒரு மரக்கால் தவிடு குறைந்தால் அதை எந்த எலி தின்றது என்றுகூடச் சொல்லிவிடுவார் என்பது ஊர்ப்பேச்சு. போலீஸ் கைவிட்ட இரண்டு மூன்று திருட்டுகளை அவர் கண்டுபிடித்துக் கொடுத்ததும் உண்டு.

அவருக்கு எதிரே, காலை மடக்கிப் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார் லாடம் அடிக்கும் திம்மராயன். எங்கே விவகாரம் என்றாலும் முதல் ஆளாக வந்து நிற்பவர்.

"சின்னராஜ் வேலைதான் அண்ணா, சந்தேகமே வேணாம்," என்றார் திம்மராயன். "பட்டறை மேஸ்திரி. போன மாசம்தான் கூலி பத்தலைன்னு அம்மாகிட்ட மல்லுக்கு நின்னான். வாங்க, போய் நாலு கேள்வி கேப்போம்."

"முதல்ல அந்த அம்மா முழுசா சொல்லட்டும் திம்மராயா. நாலு கேள்வி அப்புறம் கேக்கலாம்."

கிருபாராணி சொன்னாள். தளி ரோட்டில் இருந்த லாட ஆணிப் பட்டறை அவள் கணவர் அருள்ஜோசப் கட்டியது. மூன்று வருஷம் முன்பு, அழுத்தும் இயந்திரத்துக்குப் பக்கத்திலேயே மார்பைப் பிடித்துக்கொண்டு விழுந்தவர் எழவில்லை. அடக்கம் முடிந்த எட்டாம் நாள் அவள் பட்டறையைத் திறந்தாள். இருபத்திரண்டு பேர் அதை நம்பிப் பிழைத்தார்கள்.

அந்நிய நாட்டு ஆணி தன் சொந்த ஊரில் ஒரு விலைக்கும், இங்கே அதில் பாதிக்கும் விற்றது. மீதியை அந்த நாட்டு சர்க்கார் கைக்காசாகக் கொடுத்து ஈடுகட்டியது. அந்த ஆணி துறைமுகத்தில் வந்து இறங்கும் விலைக்கு இவளால் கம்பிகூட வாங்க முடியாது. அதனால்தான் நம் சர்க்கார் அதன்மேல் காப்பு வரி போட்டிருந்தது. அந்த வரி டிசம்பரோடு முடிகிறது. நீட்டிக்கலாமா வேண்டாமா என்று பார்த்து எழுத, தீர்வைக் குழுவிலிருந்து ஓர் அதிகாரி கிருஷ்ணகிரி முசாபரி பங்களாவில் வந்து தங்கியிருந்தார்.

"ஒடியிற ஆணிக்கு எதுக்கு வரி போட்டுக் காவல் காக்கணும்னு கேக்கிறார். கேட்டா என்ன பதில் சொல்றது?" என்றாள். "வரி போச்சுன்னா, பொங்கலுக்குள்ள பட்டறையைப் பூட்டிட வேண்டியதுதான்."

"இது உங்க ஆணிதானா?"

"ஆமாங்க. தலையில புள்ளி குத்தியிருக்கு பாருங்க. அவர் போட்ட அச்சு."

"மாதிரி அனுப்பின பெட்டி?"

"போன சனிக்கிழமை ரெவின்யூ இன்ஸ்பெக்டர் வந்து, குவியல்ல இருந்து தானே அள்ளிப் போட்டு, மூடியில அரக்கு வச்சு முத்திரை குத்தினார். புதன்கிழமை அதிகாரி திறக்கும்போது முத்திரை அப்படியே இருந்துச்சு. நானும் பக்கத்துல நின்னேன்."

"அதே குவியல்ல நானும் அன்னைக்கு முப்பது ஆணி எடுத்து அடிச்சேன்," என்றார் திம்மராயன். "ஒண்ணுகூட ஒடியலை. ஞாயித்துக்கிழமையும் அடிச்சேன். திங்கக்கிழமைதான் எனக்கு எப்பவும் லீவு. செவ்வாயும் அடிச்சேன்."

நாராயணப்பன் ஒரு துண்டை எடுத்துக் கட்டைவிரலால் தேய்த்தார். விரலில் செம்மையாக ஏதோ ஒட்டியது.

"உங்க ஆணியைத் தொட்டா கை சாம்பலாகுமே அம்மா."

"ஆகும். சூட்டோட கேழ்வரகு உமிச் சாம்பல்ல புதைச்சு, ராத்திரி பூரா ஆற விடுவோம். அப்பத்தான் வளைஞ்சு கொடுக்கும்."

"இதுல சாம்பல் இல்லை. துரு இருக்கு," என்றவர் அதைக் கைக்குட்டையில் வைத்தார். "பெட்டி போன மாட்டுவண்டி யாருது?"

"ஹார்டுவேர் கடை கோவிந்தன் கொடுத்தார். அவருக்கு கிருஷ்ணகிரியிலயும் கடை இருக்கு. வரி நீடிக்கணும்னு மனு போட்டோமே, அதுல முதல் கையெழுத்து அவருதுதான். சனிக்கிழமை மத்தியானமே அனுப்பிடலாம்னேன். ராத்திரியில வழி சரியில்லை, ஞாயித்துக்கிழமை விடியக்காலம் போகட்டும்னார். வண்டிக்காரன் முனிவேல். செவ்வாய் சாயங்காலம் தாலுகா ஆபீசுல இறக்கினான். வழியில யாரும் தொடலைங்கிறான். எத்தனை நாள் வந்தேன்னு அதிகாரி கேட்டதுக்கு, ரெண்டு நாள்னான்."

நாராயணப்பன் காலண்டரை ஒரு தடவை பார்த்தார்.

மறுநாள் மூவரும் கிருஷ்ணகிரிக்குப் பஸ் ஏறினார்கள். தாலுகா ஆபீஸ் குமாஸ்தா பெட்டியைக் காட்டினார். திம்மராயன் அரக்கை முகர்ந்துகூடப் பார்த்தார். நாராயணப்பன் அரக்கைத் தொடவே இல்லை. பெட்டியைத் தலைகீழாகப் புரட்டச் சொன்னார்.

அடிப்பலகையை எட்டு வட்ட ஆணிகள் பிடித்திருந்தன. தலையில் குறுக்கும் நெடுக்குமாகக் கட்டம். அவற்றுக்கு நடுவே, பழைய ஆணி பிடுங்கிய நான்கு சதுர ஓட்டைகள்.

"பெட்டிக்கு எந்த ஆணி அடிப்பீங்க அம்மா?"

"எங்க ஆணிதான். மூலைக்கு ஒண்ணு, நாலு. வெளி ஆணியைப் பட்டறைக்குள்ள விடவே மாட்டார் அவர்."

"திம்மராயா, இந்தக் கட்டம் போட்ட ஆணியை எங்கயாவது பாத்திருக்கியா?"

திம்மராயன் குனிந்து பார்த்தார். ஓசூரிலிருந்து பர்கூர் வரை எந்தக் கடையில் என்ன ஆணி தொங்குகிறது என்று அவருக்கு மனப்பாடம். "இல்லைங்களே அண்ணா. இது நம்ம பக்கமே வரலை."

திரும்பும் வழியில், சூளகிரியில் டீ குடிக்க வேண்டும் என்று சொல்லி நாராயணப்பன் இறங்கிக்கொண்டார். திம்மராயனும் குதித்தார். கிருபாராணி தனியாக ஓசூர் வந்து சேர்ந்தாள். அன்று இரண்டாம் ஷிப்டும் ஓட்டினாள்.

சனிக்கிழமை காலை பத்து மணிக்கு முசாபரி பங்களா கூடத்தில் எல்லோரும் இருந்தார்கள். சின்னராஜ் சுவரோரம் விறைத்து நின்றான். முனிவேல் துண்டைக் கக்கத்தில் இடுக்கியிருந்தான். கோவிந்தன் நாற்காலியில் சாய்ந்திருந்தார்.

"சொல்லுங்கள்," என்றார் அதிகாரி, கடிகாரத்தைப் பார்த்து. "எனக்கு மதியம் பஸ்."

"ஆணி இவங்களுதுதான் சார். நல்லாவும் இருந்துச்சு," என்றார் நாராயணப்பன். "சிவக்கக் காய்ச்சிப் பச்சைத் தண்ணியில போட்டா எந்த எஃகும் கண்ணாடி மாதிரி ஒடியும். இதுல சாம்பல் போயி துரு ஏறியிருக்கு. யாரோ மறுபடி காய்ச்சித் தண்ணியில போட்டிருக்காங்க."

"அந்த வேலை தெரிஞ்சவன் நான் ஒருத்தன்தானே," என்றான் சின்னராஜ் கசப்பாக. "நேரா சொல்லிடுங்களேன்."

"நீ கெடுக்கணும்னா குவியல்லயே கெடுத்திருப்பே தம்பி. பெட்டியோட அடிப்பலகையைப் பேக்க வேண்டியதில்லையே. பேத்ததால, பெட்டி பட்டறையை விட்டுப் போனப்புறம் நடந்த வேலை இது." அவர் முனிவேலிடம் திரும்பினார். "நீ எத்தனை நாள் வண்டி ஓட்டுனே?"

"ரெண்டு நாளுங்க. ஞாயிறு, செவ்வாய்."

"திங்கக்கிழமை?"

முனிவேல் அவரை விநோதமாகப் பார்த்தான். "திங்கக்கிழமை மாட்டு மேல நுகத்தை வப்பாங்களா? மாட்டுச்சாமி பசவண்ணன் நாளுங்களே. சூளகிரியில சத்திரத்துல வண்டியை அவுத்துட்டு, ஏரியில மாட்டைக் குளிப்பாட்டிப் பூசை போட்டேன்."

"இதை நீ என்னிடம் சொல்லவில்லையே," என்றார் அதிகாரி.

"கேக்கலைங்களே சாமி. இது யாருக்குத்தான் தெரியாது?"

கிருபாராணிக்குச் சுரீர் என்றது. அவளுக்கும் தெரியும். தெரு முழுக்கத் திங்கட்கிழமை மாடுகள் சும்மா நிற்பதைப் பிறந்ததிலிருந்து பார்க்கிறாள். பார்த்துப் பழகியதாலேயே அந்த ஒரு நாளை அவள் எண்ணவில்லை.

"அவசரம்னா சனிக்கிழமையே கிளம்பணும்," என்றார் நாராயணப்பன். "அவசரமில்லைன்னா செவ்வாய் கிளம்பினாலும் புதன் சாயங்காலம் வந்துடலாம். ஞாயித்துக்கிழமை கிளம்பச் சொல்றவருக்கு, வண்டி நடுவழியில ஒரு பகல் பூரா நிக்கணும். அப்படிச் சொன்னது நீங்கதான் கோவிந்தா."

கோவிந்தன் சிரித்தார். "நாள் சொன்னது ஒரு குத்தமா? மனுவில கையெழுத்துப் போட்டவன் நான்."

"அந்த எட்டு ஆணி எந்தக் கடையிலயும் இல்லை. இன்னும் விக்க வராத சரக்கு. வராத சரக்குல மாதிரிப் பொட்டலம் யாருக்கு வரும்? ஆர்டர் கொடுத்தவருக்குத்தான். வரி போகும்னு நம்பி, ஜனவரிக்கு அந்நிய நாட்டு ஆணிக்கு ஆர்டர் கொடுத்திருக்கீங்க."

"அந்த அம்மா ஆணியே பெட்டி நிறைய இருக்கும்போது, வேற ஆணி எதுக்கு ஒருத்தன் தேடுவான்?" என்றார் கோவிந்தன்.

"நானும் அதைத்தான் ராத்திரி யோசிச்சேன்," என்றார் நாராயணப்பன் மெதுவாக. "பிடுங்கின நாலு ஆணியும் வளைஞ்சுபோச்சு. பெட்டியில இருந்ததை எடுத்து அடிச்சுப் பாத்தீங்க. ஒடிஞ்சுது. நீங்க கெடுத்த ஆணி உங்களுக்கே உதவலை. பையில இருந்த பொட்டலத்தைப் பிரிச்சீங்க."

திம்மராயன் அதற்குள் வாசலுக்குப் போய் ஒருவரை அழைத்து வந்தார். சூளகிரிக் கொல்லர் கரியப்பன். தோளில் கரி படிந்திருந்தது.

"இவர்தான் திங்கக்கிழமை ஆணி கொண்டாந்தார்," என்றார் கரியப்பன், கோவிந்தனைக் காட்டி. "பர்கூர் கல்லுடைக்கிறவங்களுக்கு, கல்லுக்குக் கடினமா இருக்கணும்னார். நல்ல ஆணிங்க, கெட்டுப்போகும்னேன். சொன்னதைச் செய்யின்னார்."

கோவிந்தன் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"சரி. வரி போனா குடியானவனுக்கு ஆணி சல்லிசா கிடைக்கும். அதுல என்ன பாவம்?"

"எத்தனை நாளைக்குச் சல்லிசு?" என்றாள் கிருபாராணி. குரல் உயரவில்லை. "எங்க பட்டறை மூடுற வரைக்கும். அப்புறம் நீங்க சொன்னதுதானே விலை? அவங்க ஊர்ல விக்கிற விலைக்கே இங்கயும் விக்கட்டும். நான் போட்டி போடறேன். ஒரு சர்க்காரோட பணத்தோட நான் ஒருத்தி எப்படிங்க போட்டி போடறது?"

அதிகாரி பேனாவைத் திறந்தார். நெடுநேரம் எழுதினார்.

"வரி நீடிக்குமா என்று நான் சொல்ல முடியாது அம்மா. அதை முடிவு செய்வது குழு. ஆணி கெடுக்கப்பட்டது என்பதையும், யாரால் என்பதையும் எழுதிவிட்டேன். போலீசுக்கும் தகவல் போகும். புது மாதிரி வேண்டும்."

"கொண்டாந்திருக்கேன்," என்று ஒரு பையை எடுத்து வைத்தாள். "குவியலே வேணும்னா, பட்டறை திறந்துதான் இருக்கு."

அவர் பையிலிருந்து பத்து எடுத்தார். திம்மராயன் பலகையில் அடித்து, குறடால் மடக்கினார். பத்தும் வளைந்தன.

எட்டு வட்ட ஆணிகளையும் பிடுங்கி உறையில் போட்டு மூடச் சொன்னார் அதிகாரி. அடிப்பலகை தனியாகக் கழன்று வந்தது. திம்மராயன் சுத்தியலை எடுக்கப் போனார். கிருபாராணி கையை நீட்டி அதை வாங்கிக்கொண்டாள். தரையில் முழங்காலிட்டு, பழைய சதுர ஓட்டைகளுக்குப் பக்கத்தில், மூலைக்கு ஒன்றாக அடித்தாள். ஒவ்வொன்றுக்கும் மூன்று அடி.

"எட்டு இருந்தது," என்றார் அதிகாரி. "இன்னும் நான்கு அடிக்க வேண்டாமா?"

"எங்களது நாலு போதுங்க," என்றாள். எழுந்து, பெட்டியைத் தூக்கிக் குலுக்கிக் காட்டினாள்.