ஏழு ஊர்களுக்கும் ஒரே வாசல்

அன்றைக்கும் வழக்கம்போல் காலையில்தான் அச்சுக்கூடத்துக்குப் போனேன். நியூரம்பெர்க் நகரம் முழுக்க ஈரம். உள்ளே மையின் எண்ணெய் நாற்றம். எட்டு மாதப் பிள்ளையையும் மனைவி உர்சுலாவையும் காப்பாற்ற வேண்டுமே, அதற்காகத்தான் இந்த ஓயாத உழைப்பு. சரித்திரப் புத்தகத்துக்கு ஊர்ப்படங்கள் வெட்டுகிறவன் நான். மரப்பலகையில் கோடுகளை மட்டும் விட்டு, மற்றதைக் கத்தியால் எடுத்துவிட வேண்டும். எடுத்த மரம் எடுத்ததுதான்.

அன்று அச்சில் ஓடியது ஒரே பலகை. கோட்டைச் சுவர், சாத்திய வாசல், அதை நோக்கி ஒரு வெறும் பாதை. பெயரை மட்டும் மாற்றி ஏழு ஊர்களுக்கு அடித்தோம்.

"இதுவே மைன்ஸ், இதுவே டமாஸ்கஸ்!" அச்சடிக்கும் எண்ட்ரெஸ் சிரித்தான். "வாங்குறவன் ரெண்டு ஊருக்கும் நடந்து போய்ப் பாக்கவா போறான்?"

மூன்றாவது ஊரின் தாளைத் தூக்கியவன் சிரிப்பை நிறுத்தினான்.

"ஏண்ணே, பாதையில பொம்பளைய எப்ப வெட்டின?"

நான் வெட்டவில்லை.

பலகையைப் பார்த்தேன். நான் தோண்டியெடுத்த பள்ளத்தில், நகத்தளவுக்கு ஒரு பெண்ணுருவம் எழும்பி நின்றது. சீவி எறிந்தேன். நான்காவது ஊரில் வாசலுக்கு இன்னும் அருகில் நின்றாள். மறுபடி சீவினேன்.

ஐந்தாவதில் அவளுடைய இடது தோள் சரிந்திருப்பது தெரிந்தது.

அப்பொலோனியா.

என் முதல் மனைவி. கொள்ளைநோய்க் கோடையில் வெளியூரிலிருந்து திரும்பியவளைக் காவலர்கள் நகர வாசலில் மறித்தார்கள். உன் பெண்டாட்டியா, பொறுப்பேற்கிறாயா என்று என்னைக் கூப்பிட்டுக் கேட்டார்கள். அவள் முகம் காய்ச்சலில் சிவந்திருந்தது. பயந்துவிட்டேன்.

"யாருன்னே தெரியாதுங்க," என்றேன்.

மூன்று நாள் நகரக் கதவைத் தட்டினாளாம், பிறகு வெளியிலேயே செத்தாளாம். நான் அந்தப் பக்கமே போகவில்லை.

"அண்ணே, முதலாளி பாத்தா தோலை உரிச்சிடுவாரு. ஏதாச்சும் பண்ணு," எண்ட்ரெஸ் கிசுகிசுத்தான்.

ஆறாவதில் அவள் கை கதவின்மேல் இருந்தது.

எனக்கு அலுத்துவிட்டது. ஆறு வருஷமாக அந்தப் பாவத்தைச் சுமந்து உடம்பும் மனசும் ஓய்ந்துவிட்டன. கத்தியை எடுத்தேன். அவளைத் தொடவில்லை, கறுப்பாய் நின்ற கதவை முழுதும் வெட்டியெடுத்தேன். வெட்டின இடம் தாளில் வெள்ளையாகத்தான் விழும். வாசல் திறந்துவிடும்.

"உள்ள வந்துடு, அப்பொலோனியா," என்றேன் வாய்க்குள்.

ஏழாவது தாள். வாசல் திறந்திருந்தது. பாதையில் யாருமில்லை.

"அப்பாடா!" என்றான் எண்ட்ரெஸ். எனக்கு அழுகை வந்தது. அவ்வளவு நிம்மதி.

வெயில் இருக்கும்போதே வீடு திரும்பினேன். தெருக் கிணற்றிலிருந்து உர்சுலா வாளியோடு எதிரே வந்தாள்.

"வந்துட்டீங்களா? உங்களுக்குத் தெரிஞ்சவங்களாம், ஒரு அம்மா வந்திருக்காங்க. பாவம், உடம்பு அனலாக் கொதிக்குது. அவங்களுக்குத்தான் தண்ணி."

"எங்க?"

"மாடியில. நீங்கதான் உள்ள வரச் சொன்னீங்கன்னாங்க. பிள்ள வீல்வீல்னு கத்துச்சு, அவங்க மடியில குடுத்துட்டு வந்தேன்."

அண்ணாந்து பார்த்தேன். மாடியில் சத்தமே இல்லை.