ஸ்ருதிக்குக் கேட்டது

மாலை ஐந்தரைக்கு, ஆறு வயது ஸ்ருதி இரண்டு காதிலும் பஞ்சை அடைத்துக்கொண்டு கூடத்தில் உட்கார்ந்திருந்தாள். பார்த்ததும் அவள் அம்மா ரேணுகா எதிரே வந்து உட்கார்ந்தாள். பிறவியிலேயே காது கேளாதவள் ரேணுகா. கேட்கிற காதை ஒரு பிள்ளை ஏன் அடைத்துக்கொள்ள வேண்டும்?

பஞ்சை எடுத்துவிட்டு, என்னவென்று கைஜாடையில் கேட்டாள். அம்மா உதட்டைப் பார்த்துப் புரிந்துகொள்ளட்டும் என்று ஸ்ருதி நிறுத்தி நிறுத்திச் சொன்னாள்.

“அந்த ரூம்ல ஒரு பொண்ணு கத்திகினே கீதும்மா.”

பின்னறைக் கதவைத் திறந்து காட்டினாள் ரேணுகா. மழையில் ஊறிய சுவரின் பூஞ்சை வாடை, மூலையில் சுருட்டி வைத்த பாய், மூட்டை கட்டிய பழைய துணிகள், ஜன்னலுக்கு வெளியே திருவேற்காட்டு மாடிகளின்மேல் கறுத்துக்கொண்டு வந்த வானம். வேறொன்றுமில்லை. ஸ்ருதி வாசல்படியைத் தாண்டவில்லை. ரேணுகா கதவைச் சாத்தினாள்.

கணவன் வெங்கட் பூந்தமல்லி ஷேர் வேன் ஓட்டிக்கொண்டிருந்தான். செய்தி அனுப்பினாள். ‘டிவி பாத்து பயந்துகினு கீது, எட்டு மணிக்கு வந்துர்றேன்’ என்று பதில் வந்தது.

கேளாமை ரேணுகாவின் வம்சத்தில் வழிவழியாக வருவது. ஸ்ருதி கருவாக இருந்தபோதே, சோதனை முயற்சியாக, ஓர் ஆராய்ச்சிக்கூடத்தில், காது கேட்கும்படி அந்தக் கருவின் மரபணுவைத் திருத்தினார்கள். வெங்கட் தயங்கினான். “பொறக்கறது பொறக்கட்டும் ரேணு. நீ இன்னா கொறஞ்சிபூட்ட?” அவள்தான் படிவத்தைப் பிடுங்கிக் கையெழுத்துப் போட்டாள். ‘என்னை மாதிரி ஒன்று எனக்கு வேண்டாம்’ என்று ஒரு சீட்டில் எழுதி டாக்டரிடம் நீட்டினாள். அப்படி எழுதி யாரை வேண்டாமென்று தள்ளினோம் என்ற நினைப்பு, ஸ்ருதி சிரிக்கும்போதெல்லாம் முள்ளாகக் குத்தும்.

ஸ்ருதி இப்போது உள்ளங்கைகளால் காதைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

என்ன சொல்லுது, என்று ரேணுகாவின் விரல்கள் கேட்டன.

“அதுக்குப் பேச வரலம்மா. உன்ன மாதிரியே கத்துது.”

தன் குரலை ரேணுகா கேட்டதில்லை. தான் வாய் திறந்தால் பஸ்ஸில் திரும்புகிற முகங்களை மட்டும் பார்த்திருக்கிறாள்.

எத்தனை நாளா?

“எப்பவுமேதான். நீ அதாண்ட போவவே மாட்ற. இப்ப கோவமா கீது.”

கூடம் இருட்டத் தொடங்கியது. ரேணுகா எழுந்து போனாள். மூடிய கதவில் உள்ளங்கையை வைத்தாள். மரம் ஈரமாக, குளிர்ந்திருந்தது.

ஒன்றுமில்லை.

பிறகு ஓர் அதிர்வு. கீழே. அவள் இடுப்புக்கும் கீழே. மண்டியிட்டாள். நெற்றியைக் கதவில் வைத்தாள். தொம். தொம். தொம். சின்னக் கைகள். ஸ்ருதியின் உயரம்தான்.

மன்னிச்சிடு, என்று வாயசைத்தாள்.

அதிர்வு நின்றது. ஸ்ருதி அவள் முகத்தைத் தன் பக்கம் திருப்பினாள்.

“கத்தறத நிறுத்திடுச்சிம்மா.”

ரேணுகா குனிந்து பார்த்தாள். கதவின் அடி இடுக்கு வழியே நான்கு சின்ன விரல்கள் வெளியே வந்திருந்தன. மெல்ல மடங்கின. நிமிர்ந்தன. மறுபடி மடங்கின.

வா.

வா.

வா.