பதினோராவது "நல்லாயிருக்கேன்"

பத்துக் குரல் செய்திதான் பேசி வைத்திருந்தான் பாட்டுக்காரன். அவனுடைய செல்போனில் இப்போது பதினொன்று இருந்தது.

வாத்தியார் கட்டிலில் எழுந்து உட்கார்ந்து மறுபடி எண்ணினான். வார விடுமுறை, நடுப்பகல். அறையில் இருந்த மற்ற நால்வரும் முடி வெட்டவும் சாமான் வாங்கவும் போயிருந்தார்கள். மொட்டைமாடித் தொட்டியில் தண்ணீர் விழும் சத்தம், கதவில் தொங்கிய வேலைச் சட்டைகளிலிருந்து வந்த தின்னர் வாடை, திரையின் கிழிசல் வழியே நுழைந்து கீழ்க்கட்டிலில் சுருட்டிக் கிடந்த மெத்தையின் மேல் கோடாக விழுந்த வெயில், எல்லாம் என்றைக்கும் போலத்தான் இருந்தன. அந்தப் பதினொன்று மட்டும்தான் இடித்தது.

இருவருக்கும் பெயிண்ட் அடிக்கும் கூடத்தில் வேலை. இரும்புக் கதவுகளுக்கு ஸ்பிரே பிடிப்பார்கள். முகமூடியின் ஃபில்டரை வாரம் ஒருமுறை மாற்றவேண்டும் என்று சுவரில் பெரிதாக எழுதியிருந்தது. கையில் கிடைத்ததோ மாதம் ஒன்று. கேட்டால், "ஏன், உனக்கு மட்டும் தங்கத்துல நுரையீரலா?" என்பான் சூப்பர்வைசர். முகமூடிக்குள்ளேயே பாடிக்கொண்டு வேலை செய்ததால் அவன் பாட்டுக்காரன். பிழைக்க வந்த நாட்டின் மொழியை மற்றவர்களுக்கு முன்னால் கற்றுக்கொண்டு எல்லாருக்கும் சொல்லிக் கொடுத்ததால் இவன் வாத்தியார். பாட்டு நின்று இருமல் வந்தபோது கூடத்தில் யாரும் அதைப் பெரிதாக எடுக்கவில்லை. அங்கே இருமாதவன் யார்?

வருடாந்திர மெடிக்கலில் டாக்டர் கேட்டார், இருமல் உண்டா, நெஞ்சுவலி உண்டா என்று. வாத்தியார் அதைப் பாட்டுக்காரனிடம் தமிழில் திருப்பிக் கேட்டான்.

"நல்லாயிருக்கேன்னு சொல்லு மாப்ளே. மெடிக்கல்ல தூக்கிட்டாங்கன்னா மூட்டையைக் கட்ட வேண்டியதுதான். ஊர்ல என் பொண்டாட்டிக்கு ஏழு மாசம்டா."

வெளிநாட்டில் இருப்பவன் வாயில் எப்போதும் தயாராக இருக்கும் வார்த்தை அது. காய்ச்சலில் கிடந்தாலும் போனை எடுத்ததும் அதுதான் வரும். வாத்தியார் டாக்டரிடம் திரும்பி, நல்லா இருக்கானாம் என்றான். டாக்டர் கட்டத்தில் டிக் அடித்தார். எத்தனையோ வார்த்தைகளை வாத்தியார் தப்புத்தப்பாக மொழிபெயர்த்திருக்கிறான். அந்த ஒன்றைத்தான், படுபாவி, பிசகாமல் சொல்லிவிட்டான்.

இரண்டு மாதத்தில் இருமலோடு ரத்தம் வந்தது. ஆஸ்பத்திரிக்குப் போகுமுன் பாட்டுக்காரன் ஒரே மூச்சில் பத்துக் குரல் செய்திகளைப் பேசிப் பதிந்து வைத்து, போனை வாத்தியார் கையில் திணித்தான். "தினம் ஒண்ணா அவளுக்கு அனுப்பு. பத்து நாள்ல எந்திரிச்சு வந்துடுறேன். ஆஸ்பத்திரின்னு தெரிஞ்சா அவ சோறு தண்ணி தொட மாட்டா."

நான்காம் நாள் போய்ச் சேர்ந்துவிட்டான்.

ஊரில் அவன் மச்சானுக்கு, அவள் அண்ணனுக்கு, மட்டும் வாத்தியார் சொன்னான். "ரெண்டு உயிர் தம்பி," என்று அழுதார் அவர். "பிரசவம் ஆகட்டும். அதுவரைக்கும் மாப்பிள்ளை குரல் வந்துட்டே இருக்கட்டும். உங்களுக்குப் புண்ணியமாப் போகும்." ஆள் ஆஸ்பத்திரியின் குளிர் அறையில் கிடந்தான், குரல் தினமும் வீட்டுக்குப் போனது. அனுப்ப விரலை வைக்கும்போதெல்லாம் அவனை மறுபடி மெடிக்கலுக்குக் கூட்டிப் போவதுபோல வாத்தியாருக்கு இருந்தது.

பத்தாவது இன்று காலையில் போனது. உடனே அவள் பதில் வந்தது. "ஏங்க, வலி எடுத்துருச்சு. ஆஸ்பத்திரிக்கு வந்துட்டோம். பயமாயிருக்கு. நீங்க பாடுவீங்கள்ல, நாலு வரி பாடுங்களேன்."

அதைக் கேட்டுத் தாங்காமல்தான் வாத்தியார் போனைத் தலையணைக்கு அடியில் போட்டுவிட்டு முகம் கழுவப் போனான். திரும்பி வந்தால் பதினொன்று.

தட்டினான்.

முதலில் ஓர் இரைச்சல். பெரிய ஃபிரிட்ஜின் அருகே நிற்பதுபோல. பிறகு குரல்.

"நல்லாயிருக்கேன்மா. சாப்பிட்டேன். நீ பயப்படாத."

பாடினான். நாலு வரி. முந்தைய பத்திலும் எங்காவது ஓர் இருமலை விழுங்கும் சத்தம் கேட்கும். இதில் இருமல் இல்லை. வாத்தியார் காதோடு ஒட்டிக் கேட்டான். எவ்வளவு பெரிய பாடகனும் வரிக்கு வரி மூச்சு வாங்க வேண்டுமே? இதில் மூச்சே இல்லை.

"இங்க கொஞ்சம் குளிரு. வேற ஒண்ணுமில்ல."

வாத்தியார் அதை அனுப்பவில்லை. ஆனால் அவள் கேட்டுவிட்டாள், பதிலும் வந்திருந்தது. "பாட்டு கேட்டேங்க. இருமலே இல்ல! இப்பதான் உசுரு வந்துச்சு. உள்ள போறேன்."

வெயில் கோடு மெத்தையை விட்டு இறங்கியது. மச்சான் கூப்பிட்டார். "ஆம்பளப் புள்ள, தம்பி. ரெண்டு பேரும் சுகம். இனியும் மறைக்க முடியாது. எனக்கு நாக்கு எழ மாட்டேங்குது. நீங்களே சொல்லிடுங்க."

வாத்தியார் பாட்டுக்காரனின் போனிலேயே அவள் எண்ணை அழுத்தினான். சொல்லவேண்டியதை மனதுக்குள் அடுக்கினான். தங்கச்சி, மனசைத் திடப்படுத்திக்க. அவன் போய் ஆறு நாளாச்சு. டாக்டர்கிட்ட பொய் சொன்னது நான்தான். என்னை மன்னிச்சிடு.

"ஏங்க!" பின்னால் பிள்ளை வீறிட்டது. "கேட்டீங்களா? உங்க தொண்டைதான் அப்படியே! எப்படிங்க இருக்கீங்க?"

வாயைத் திறந்தான்.

"நல்லாயிருக்கேன்மா. சாப்பிட்டேன்."

குரல் வாத்தியாருடையது அல்ல, பாட்டுக்காரனுடையது. வாய் மட்டும்தான் இவனுடையது.

மறுபடி முயன்றான். செத்துட்டான் என்ற வார்த்தையை நாக்கில் வைத்தான்.

"நல்லாயிருக்கேன்."

பல்லைக் கடித்தான். உதட்டைக் கையால் பொத்தினான். விரல்களின் இடுக்கு வழியே பாட்டு வந்தது. நாலு வரி. மூச்சு வாங்காமல். அந்தப் பக்கம் அவள் சிரித்துக்கொண்டே அழுதாள். பிள்ளை அடங்கியது.

"சீக்கிரம் வந்துடுங்க," என்று சொல்லிவிட்டு வைத்தாள். பாவி மகள், எவ்வளவு சந்தோஷமாக வைத்தாள்!

வாத்தியாருக்கு நெஞ்சில் சுருக்கென்றது. இருமினான். உள்ளங்கையில் சிவப்பாக ஒரு பொட்டு.

அவனுடைய சொந்த போன் அடித்தது. அவன் மனைவி. எடுத்து, இருமலுக்கிடையே ஹலோ என்றான்.

"என்னங்க, இருமுறீங்களா? குரலே சரியில்லையே. உண்மையைச் சொல்லுங்க."

வலிக்குதும்மா. பயமாயிருக்கு. என்னைக் கூட்டிட்டுப் போக வழி பாரு. இதைத்தான் சொல்ல வாயெடுத்தான்.

"நல்லாயிருக்கேன்."

"அப்பாடா," என்றாள் அவள்.

கீழே விழுந்து கிடந்த பாட்டுக்காரனின் போன் தானே ஒளிர்ந்தது. பழைய பதினொன்றையும் காணோம். புதிதாகப் பத்து. ஒவ்வொன்றின் மேலும் வாத்தியார் என்று எழுதியிருந்தது. அவன் தொடவில்லை. முதலாவது தானாகவே ஓடத் தொடங்கியது. ஃபிரிட்ஜின் இரைச்சல். பிறகு அவனுடைய சொந்தக் குரல், இருமல் இல்லாமல், மூச்சு இல்லாமல், தன் மனைவியிடம் சொன்னது.

"நல்லாயிருக்கேன்மா. இங்க கொஞ்சம் குளிரு."