உறையை விட்டுப் போன கத்தி

கத்திக்கடைக்காரர் மாடிப்படி ஏறி வந்த வேகத்தில் அவருடைய ஒரு செருப்பு கீழேயே நின்றுவிட்டது. மேலே வந்தவர் நாற்காலியில் உட்காரவில்லை, நீட்டிய தண்ணீரை வாங்கிக் குடிக்கவும் இல்லை.

"அலை காணாமப் போச்சும்மா!" என்றார்.

சர்வேயரம்மா மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார். இருபத்திரண்டு வருடம் காப்பீட்டுக் கம்பெனிக்காக எரிந்த கிடங்குகளையும் திருட்டுப்போன கடைகளையும் நேரில் போய்ப் பார்த்து மதிப்பிட்டவர் அவர். இப்போது சொந்தமாக இந்த மாடி அறையில் உட்கார்ந்து, தொலைந்ததைத் தேடித் தருகிறார். எதிரில் இருப்பவர் எவ்வளவு பதறுகிறாரோ, அவ்வளவு நிதானமாகிவிடும் சுபாவம்.

"முதல்ல உட்காருங்க. எந்த அலை?"

"கத்தி! என் மக செஞ்ச கத்தி!"

அந்தக் கணமே மூலையில் இருந்த சர்வேயரம்மாவின் கொழுந்தன் துள்ளி எழுந்து ஸ்கூட்டர் சாவியைக் கையில் எடுத்தார். தெருவில் அவருக்கு எக்ஸ்பிரஸ் என்று பட்டப்பெயர். எங்கே போக வேண்டும் என்று தெரிவதற்கு முன்பே கிளம்பிவிடுவார் என்பதால் வந்த பெயர்.

கடைக்காரர் மூச்சு வாங்கிக்கொண்டு சொன்னார். கடையின் முன்பக்கம் சமையல் கத்தி, கத்தரிக்கோல் விற்பனையும் சாணை பிடிப்பதும். பின் அறையில் ஒரு கண்ணாடிப் பெட்டி. அதற்குள் அவருடைய மகள் தன் உலைக்களத்தில் எட்டு மாதம் அடித்து மடித்து உருவாக்கிய கத்தி. இரும்பின் மேல் ஓடும் வரிகளைப் பார்த்துவிட்டுக் கத்திப் பிரியர்கள் வைத்த பெயர்தான் அலை.

பதினோரு மாதமாக அது அந்தப் பெட்டியிலேயே கிடந்தது. ஆசைப்படாத ஆள் இல்லை, வாங்கிய ஆளும் இல்லை. விலை ஒரு காரணம். வீட்டில் மனைவி "இதை வெச்சு எதை வெட்டப்போறீங்க?" என்று கேட்பாள், அது இன்னொன்று. எல்லாவற்றுக்கும் மேலே, அந்தக் கத்தியை உபயோகித்தால் பாழாகிவிடுமே என்று மனசு அடித்துக்கொள்ளும், சும்மா வைத்திருந்தால் பாவமே என்றும் அடித்துக்கொள்ளும். கையில் எடுப்பார்கள், வெளிச்சத்தில் திருப்புவார்கள், பெருமூச்சு விட்டுத் திரும்ப வைப்பார்கள். "அடுத்த மாசம் பார்க்கலாம்" என்பார்கள்.

"என் மக பொறுத்துப் பொறுத்துப் பார்த்துட்டா. கத்தரிக்கோல் தொழிற்சாலையில வேலைக்கு எழுதிப் போட்டா. திங்கட்கிழமை சேரணும்னு கடிதம் வந்தாச்சு. சேர்ந்துட்டா உலையை மூடிடுவா. இந்த நேரத்துல இன்னிக்குக் காலையில ஒரு வெளியூர்க்காரர் போன் பண்ணினாரு. அஞ்சு மணிக்கு நேர்ல வர்றேன், பிடிச்சிருந்தா உடனே எடுத்துக்கறேன்னாரு. எனக்குத் தலைகால் புரியல. கடைக்கு வந்தவங்ககிட்ட எல்லாம் சொல்லிட்டேன்."

"யார் யார் வந்தாங்க?"

"வழக்கமா சனிக்கிழமை வர்ற மூணு பேர்தான். பேங்க் மேனேஜர், பல் டாக்டர், தையல் மாஸ்டர். மூணு பேருக்குமே அலை மேல உசிரு. மேனேஜர் பார்க்க மட்டும் வந்தாரு. டாக்டரும் அப்படித்தான். மாஸ்டர் கத்தரிக்கோலுக்கு வந்தாரு. சாணை பிடிச்சாச்சு, வந்து எடுத்துக்கங்கன்னு நேத்தே போன் பண்ணியிருந்தோம். வெளியூர்க்காரர் விஷயத்தைச் சொன்னதும் மூணு முகமும் விழுந்துபோச்சு. ஒவ்வொருத்தரும் தனியா பின் அறைக்குப் போய்க் கொஞ்ச நேரம் பார்த்துட்டு வந்தாங்க. பழகினவங்களாச்சேன்னு நான் பெட்டியைப் பூட்டல. அப்புறம் முன்பக்கம் உட்கார்ந்து டீ குடிச்சாங்க. பன்னெண்டே காலுக்கு என் மக துடைக்கறதுக்குப் போனா. பெட்டியில உறை மட்டும்தான் இருந்துச்சு!"

"அவங்களைச் சோதிச்சீங்களா?"

"அவங்களே பையைக் கொட்டிக் காட்டினாங்க. மேனேஜர்கிட்ட பேப்பரும் குடையும். டாக்டர் கோட்டுல டார்ச், பேனா, சாவிக்கொத்து. மாஸ்டர் பையில அளவு நாடா, சாப்பாட்டு டப்பா, கண்ணாடிக் கூடு. அவ்வளவுதான். கடையையும் தலைகீழாப் புரட்டியாச்சு. எங்கேயும் இல்ல."

"மணி ரெண்டு. இன்னும் மூணு மணி நேரம் இருக்கு, போதும்" என்றபடி சர்வேயரம்மா எழுந்தார்.

எக்ஸ்பிரஸ் அதற்குள் கீழே போய் வண்டியை உதைத்துக்கொண்டிருந்தார். போகிற வழியில் கடைக்காரரின் செருப்பையும் மறக்காமல் எடுத்து வைத்திருந்தார்.

பின் அறை சின்னது. ஒரு பக்கம் சாணைக் கற்கள் ஊறும் தொட்டி, இன்னொரு பக்கம் சாணை பிடித்து முடித்தவற்றை வைத்துக் கட்டிய பெட்டிகள் அடுக்கிய மர அலமாரி, நடுவில் கண்ணாடிப் பெட்டி. சுவரில் தொழிற்சாலைக் கடிதம் ஆணியில் தொங்கியது. மகள் அதற்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றாள். கண் சிவந்திருந்தாலும் குரல் உடையவில்லை.

"அண்ணி! ஜன்னல் திறந்திருக்கு! திருடன் இந்த வழியாத்தான்..." என்று பாய்ந்தார் எக்ஸ்பிரஸ்.

"கம்பியில சிலந்தி வலை அறுபடாம இருக்கு பாருங்க. அதைக் கிழிக்காம வர்ற திருடன்னா அவனுக்கு நாமே மாலை போடலாம்."

எக்ஸ்பிரஸ் அசடு வழிந்தார். அடுத்த நொடியே பல் டாக்டரின் கோட்டுக்குத் தாவினார். "அந்தக் கோட்டுல உள்பாக்கெட் இருக்கும் அண்ணி, நான் சொல்றேன், எழுதி வெச்சுக்கங்க!"

சர்வேயரம்மா கண்ணாடிப் பெட்டிக்குள் குனிந்தார். கருநீல வெல்வெட்டில் கத்தி கிடந்த இடம் நீளமாக அமுங்கியிருந்தது. அதன் அருகில் தோல் உறை. அதற்கும் பக்கத்தில், தீப்பெட்டி அளவுக்கு இன்னொரு சின்ன அமுக்கம்.

"இங்க என்ன இருந்ததும்மா?"

"ஈரம் உறிஞ்சற பொட்டலம். புது ஷூ டப்பாவுல போடுவாங்களே, அது. இந்த இரும்பு சீக்கிரம் துருப்பிடிக்கும்..." மகள் எட்டிப் பார்த்தாள். "அட, அதையும் காணோமே!"

"கத்தியே போச்சாம், பொட்டலம் யாருக்கு வேணும்?" என்றார் எக்ஸ்பிரஸ்.

"நானும் அதைத்தான் யோசிக்கறேன். உறை இங்க இருக்கே, கத்தியை ஏன் அதுக்குள்ள வைக்கல?"

"தோல் ஈரத்தை இழுக்கும் மேடம். எடுத்துட்டுப் போறதுக்குத்தான் உறை. உள்ளேயே வெச்சுட்டா துருதான். எத்தனை தடவை சொன்னாலும் மேனேஜர் சார் கேக்கவே மாட்டாரு. அவரோட கத்தி ஒண்ணு மழைக்காலம் பூரா உறைக்குள்ளேயே தூங்கியிருக்கு. போன வாரம்தான் துரு எடுக்கக் கொடுத்தாரு, நீங்களே பாருங்க." முன்பக்கத்திலிருந்து கொண்டுவந்து காட்டினாள். அலகு முழுக்க அம்மைத் தழும்பு மாதிரி புள்ளி.

இதற்குள் எக்ஸ்பிரஸின் கை அலமாரிப் பெட்டி ஒன்றின் கயிற்றில் இருந்தது. "ஐயோ, அதைத் தொடாதீங்க!" என்று மகள் தடுத்தாள். "வேலை முடிஞ்ச பெட்டியை உரியவங்க முன்னாடி இல்லாம திறக்க மாட்டோம். ஒரு தடவை யாரோ திறந்து பார்த்து முனை உடைஞ்சு, பெரிய சண்டையாயிடுச்சு. அன்னையிலேருந்து இதுதான் கடை வழக்கம். இங்க வர்ற எல்லாருக்கும் தெரியும்."

சர்வேயரம்மா பெட்டிகளின் பெயர்ச் சீட்டுகளை மட்டும் ஒவ்வொன்றாகப் படித்தார். விரல் ஓர் இடத்தில் கொஞ்சம் நின்றது. பிறகு கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

"மூணு பேரையும் நாலரைக்கு வரச் சொல்லுங்க. எக்ஸ்பிரஸ், உங்க வேகம் இப்பத்தான் தேவை."

நாலரைக்கு ஐந்து நிமிடம் முன்பே மூவரும் பின் அறையில் இருந்தார்கள். மேனேஜர் குடைக்கைப்பிடியைத் திருகிக்கொண்டிருந்தார். டாக்டர் கோட்டைப் போட்டுக்கொள்ளாமல் கையில் மடித்து வைத்திருந்தார். எக்ஸ்பிரஸ் அழைக்கப் போன இடத்தில் என்ன கேட்டாரோ தெரியாது. மாஸ்டர் கதவோரம் நின்றார். கடைக்காரருக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

"நேரம் குறைவு. அதனால நேராவே சொல்லிடறேன்" என்று தொடங்கினார் சர்வேயரம்மா. "முடி விழுந்தா ரெண்டாகற அளவுக்குக் கூர்மையான கத்தி. அதை ஒளிச்சு எடுத்துட்டுப் போறவன் முதல்ல உறையைத்தான் தேடுவான். இங்க உறையை விட்டுட்டாங்க. அப்படின்னா கத்தி இந்தக் கடையை விட்டுப் போகவே இல்ல."

கடைக்காரர் "ஆ!" என்று வாயைத் திறந்தவர் மூடவில்லை.

"அது மட்டுமில்ல. போனது கத்தியும் ஈரப் பொட்டலமும். துரு பிடிச்சிடுமேன்னு பயந்து பொட்டலத்தையும் கூடவே வெச்சிருக்காங்க. ஒரு மணி நேரத்துக்கு ஒளிக்கறவங்க துருவைப் பத்திக் கவலைப்படுவாங்களா? இது பல நாள் இருக்கப்போற இடம். எடுத்தவருக்குக் கத்தி மேல கோபமில்ல, கொள்ளை ஆசை. சாயங்காலம் வர்றவர் வெறுங்கையோட திரும்பிப் போகணும், அவ்வளவுதான் அவருக்கு வேணும்."

"அப்ப மேனேஜர் இல்ல!" என்று கத்தினார் எக்ஸ்பிரஸ். "அவருதான் உறைக்குள்ளேயே தூங்க வெச்சு..."

மேனேஜருக்கு நிம்மதியும் அவமானமும் ஒன்றாக வந்தன. "மழைக்காலம் பூரா இல்லீங்க, பாதி" என்று முனகினார்.

"கடையைத் தலைகீழாப் புரட்டியும் கிடைக்கல. புரட்டாத இடம் ஒண்ணே ஒண்ணுதான், இந்த அலமாரி. உரியவர் இல்லாம பெட்டியைத் திறக்கமாட்டாங்கன்னு வர்ற எல்லாருக்கும் தெரியும். டாக்டருக்கு இங்க பெட்டி இல்ல. மேனேஜரோடது இன்னும் வேலை முடியாம முன்பக்கம் கிடக்கு." சர்வேயரம்மா மெல்லத் திரும்பினார். "மாஸ்டர், நீங்க காலையில எதுக்கு வந்தீங்க?"

"கத்தரிக்கோல் வாங்க."

"வாங்கலையே. பையைக் கொட்டினப்போ நாடா இருந்தது, டப்பா இருந்தது, கத்தரிக்கோல் இல்ல. பெட்டி இங்கேயே இருக்கு. பள்ளிக்கூடம் திறக்கற நேரம், உங்க கடையில சீருடைத் துணி மலையா கிடக்குமே. கத்தரிக்கோலை மறந்துட்டுப் போற தையல்காரர் உண்டா? உங்க கட்டைவிரலைக் காட்டுங்க."

மாஸ்டர் கையைப் பின்னால் இழுத்தார். அதற்குள் எல்லோரும் பார்த்துவிட்டார்கள். மொட்டைக் கத்தரியோடு மதியமெல்லாம் மல்லுக்கட்டியதில் கட்டைவிரலில் பெரிய கொப்புளம்.

மாஸ்டர் தானே போய்த் தன் பெட்டியை இறக்கினார். கயிற்றை அவிழ்த்தார். உள்ளே பளபளக்கும் கத்தரிக்கோல். அதன் மேல் வெள்ளைப் பருத்தித் துணியில் குழந்தையைப் போல் சுற்றிய அலை. தலைமாட்டில் பொட்டலம்.

மகள் பாய்ந்து எடுத்தாள். அலகை வெளிச்சத்தில் பிடித்து, நுனியிலிருந்து பிடி வரைக்கும் பார்த்தாள். ஒரு புள்ளி இல்லை. அப்போதுதான் அவளுக்குக் கோபமே வந்தது.

"ஏன் மாஸ்டர்? இது வித்தாத்தான் என் உலை எரியும்னு உங்களுக்குத் தெரியாதா?"

"வேலைக் கடிதம் விஷயம் சத்தியமா தெரியாதும்மா. அதோ அந்தச் சுவத்துல இப்பத்தான் பார்க்கறேன்." மாஸ்டர் மென்று முழுங்கினார். "அடுத்த வாரம் திருப்பி வெச்சிடலாம்னு இருந்தேன். வெளியூர் போயிட்டா அதை எங்கே போய்ப் பார்க்கறது?"

"அவ்வளவு ஆசைன்னா நீங்களே வாங்கியிருக்கலாமே! பதினோரு மாசம் இங்கேயே கிடந்துச்சே!"

"வாங்கிட்டா வீட்டுக்குப் போயிடுமே" என்றார் மாஸ்டர். "அப்புறம் சனிக்கிழமை இங்க வர்றதுக்கு எனக்கு என்ன காரணம் இருக்கு? வாரம் ஆறு நாள் தனியா மெஷினோடதான் பேசறேன். இந்த ஒரு நாள்தான் நாலு மனுஷங்களோட பேசறேன்."

டாக்டர் தரையைப் பார்த்தார். மேனேஜர் குடையைத் திருகுவதை நிறுத்தினார். பதினோரு மாதமாக "அடுத்த மாசம்" சொல்லி வந்த மூன்று பேருக்கும் காரணம் ஒன்றுதான் என்று அந்த இரண்டு முகங்களிலும் எழுதியிருந்தது.

வாசலில் கார் நிற்கும் சத்தம் கேட்டது. மணி நாலே முக்கால்தான். வெளியூர்க்காரருக்கும் பொறுக்கவில்லை போலிருக்கிறது! நேராக உள்ளே வந்தவர் யாரையும் பார்க்கவில்லை, கத்தியை மட்டும் பார்த்தார். கையில் வாங்கி ஒருமுறை திருப்பினார். "இது எனக்கு" என்றார். பதினோரு மாத விஷயம் பத்து நொடியில் முடிந்தது.

கடைக்காரர் உறையைத் துடைத்து நீட்டினார். "உள்ளேயே வெச்சிடாதீங்க சார், துரு..." என்று மூன்று பேரும் ஒரே குரலில் கத்தினார்கள். அதிகச் சத்தம் மேனேஜருடையது.

கார் கிளம்பியதும் மேனேஜர் தொண்டையைக் கனைத்தார். "அடுத்தது எனக்கு. சொல்லிட்டேன்."

"அப்ப அதுக்கடுத்தது எனக்கு!" என்றார் டாக்டர், கோட்டை உதறிப் போட்டுக்கொண்டு.

எழுதிக்கொள்ள மகள் காகிதம் தேடினாள். எக்ஸ்பிரஸ் எட்டிச் சுவரிலிருந்து கைக்குக் கிடைத்ததைப் பிடுங்கிக் கொடுத்தார். தொழிற்சாலைக் கடிதம். அவள் ஒரு கணம் அதைப் பார்த்தாள். பிறகு திருப்பிப் போட்டு, வெற்றுப் பக்கத்தில் எழுதத் தொடங்கினாள். கடைக்காரர் முகத்தைத் துண்டால் துடைப்பதுபோல் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

மாஸ்டர் கத்தரிக்கோலைப் பையில் போட்டுக்கொண்டு சத்தமில்லாமல் கதவுப் பக்கம் நகர்ந்தார்.

"எங்க கிளம்பிட்டீங்க?" மகள் தலை நிமிரவில்லை. "மூணாவதா உங்களையும் எழுதிட்டேன். ஒரு கத்திக்கு எட்டு மாசம். உங்க முறை வர ரெண்டு வருஷம் ஆகும். அதுவரைக்கும் சனிக்கிழமை தவறாம வந்து வேலை எங்க நிக்குதுன்னு பார்த்துட்டுப் போகணும். இதுதான் உங்களுக்குத் தண்டனை."

மாஸ்டரின் கொப்புளம் விழுந்த கட்டைவிரல் பையின் காதை இறுக்கிப் பிடித்தது.

"காலையிலேயே வரலாமாம்மா?"