ஒன்று முப்பத்தொன்றுக்குப் போன கடிதம்

காலிங்பெல் என்று ஒன்று இருப்பதையே மறந்து, யாரோ கதவைக் குத்தினார்கள். குத்திய குத்தில் வைத்தியின் காப்பி வேட்டியில் கொட்டியது. வெள்ளிக்கிழமை காலை பத்து மணி. விமான நிலைய வேலையிலிருந்து ஓய்வு பெற்ற நாளிலிருந்து எதிர் ஃப்ளாட்டு பிலோமினாவின் வீட்டில்தான் அவருக்குக் காப்பியும் பேப்பரும்.

"யாருன்னு மட்டும் சொல்லுங்கம்மா! அவன் கையை ஒடிச்சிட்டுத்தான் நான் சோறு திம்பேன்!"

உள்ளே பாய்ந்து வந்தவள் சந்திரம்மாள். பிலோமினா ஜங்புராவில் குடியிருந்தபோது வீட்டு வேலை செய்தவள். அங்கிருந்த மதராசி கேம்ப் என்ற தமிழர் குடிசைப் பகுதி இடிபட்ட பிறகு, தலைநகரின் மறுகோடி நரேலாவில் அரசாங்க ஃப்ளாட் கிடைத்துப் போனவள், இரண்டு மணி நேரம் மெட்ரோவில் நின்றுகொண்டே துவாரகாவுக்கு வந்திருந்தாள். பின்னால் அவள் மகள் அபிராமி, அழுது வீங்கிய கண்களோடு.

"உக்காரு சந்திரா. மக்ளே, நீ சொல்லு, என்ன நடந்து?" என்றாள் பிலோமினா. ஒரு தூதரகத்தின் விசா பிரிவில் முப்பது வருடம் காகிதம் பார்த்தவள். பூகம்பம் வந்தாலும் மூக்குக்கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டுதான் எழுவாள்.

அபிராமி சொன்னாள். ஜெர்மனியில் மேற்படிப்புக்கு இடமும் முழு உதவித்தொகையும் கிடைத்தாயிற்று. திங்கட்கிழமை விசா நேர்காணல். நேற்று மாலை பல்கலைக்கழகத்திலிருந்து ஒரு மின்னஞ்சல்: 'இடம் வேண்டாம் என்று நீங்கள் எழுதிய கடிதம் கிடைத்தது.' அவள் அப்படி எழுதவே இல்லை. பதறிப்போய்க் கேட்டதற்கு இரவே மறுபதில் வந்தது: கடிதம் பொய் என்றால், எழுதியவர் யார் என்று ஆதாரத்தோடு இன்று நண்பகலுக்குள் தெரிவிக்க வேண்டும். இல்லாவிட்டால் இடம் காத்திருப்புப் பட்டியலுக்குப் போய்விடும்.

"அவங்க நண்பகல்னா நமக்கு மூன்றரை," என்று வைத்தி துள்ளி எழுந்தார். துப்பு என்றால் அவருக்கு வயது இருபது குறைந்துவிடும்.

பல்கலைக்கழகம் அதோடு சேர்த்து அனுப்பியிருந்த பொய் மின்னஞ்சலைப் பிலோமினா நிதானமாகப் படித்தாள். புதிதாகத் தொடங்கிய ஏதோ முகவரியிலிருந்து புதன்கிழமை அங்கே காலை பத்து ஒன்றுக்கு வந்திருக்கிறது. நமக்கு மதியம் ஒன்று முப்பத்தொன்று. கையால் எழுதிய கடிதத்தின் போட்டோ ஒன்று, பாஸ்போர்ட் நகல் ஒன்று. கடிதப் போட்டோவின் பெயரிலேயே, போன் தானாகப் போடும் தேதியும் நேரமும் இருந்தன. அதே புதன்கிழமை, பன்னிரண்டு பதினான்கு.

"இந்தப் பாஸ்போர்ட் காப்பியில புதன்கிழமை தேதி போட்டு நீதான கையெழுத்துப் போட்டிருக்க?"

"ஆமா ஆன்ட்டி. பன்னிரண்டு அஞ்சுக்குப் போட்டேன். சரியா இருக்கான்னு கேட்டு மூணே பேருக்கு வாட்ஸப்ல அனுப்பினேன். விசா பேப்பர் பார்க்கிற சுஷ்மா மேடம். அவங்களை ஏஜென்ட்டா வச்சுக்க வேண்டாம்னதுல கொஞ்சம் கோபம் அவங்களுக்கு. அப்புறம் என் ஃப்ரெண்ட் ஜோஸ்லின். அப்புறம் எங்க பாலு மாமா."

"மாமாவுக்கு எதுக்கு?"

"சும்மாதான். சந்தோஷப்படுவாருன்னு."

"அந்த ஜோஸ்லின் காத்திருப்புப் பட்டியல்ல இருக்காளா?" என்று வைத்தி குறுக்கிட்டார்.

"முதல் ஆளே அவதான்."

வைத்தி தொடையில் தட்டிக்கொண்டார். பிலோமினா மூன்று பேருக்கும் போன் போட்டு வரச் சொன்னாள். பாலு ஆட்டோ ஓட்டுகிறவன், பக்கத்திலேயே உத்தம் நகரில் இருந்தான். "ஜல்தி வந்துடுறேன்மா," என்றான். அப்போது மணி பத்து இருபது.

பதினொன்றேகாலுக்கு சுஷ்மா வந்தாள், வந்ததுமே இந்தியில் பொரிந்து தள்ளினாள். "ஏஜென்ட் இல்லாம போனா இப்படித்தான் ஆகும்னு நான் முதல்லயே சொன்னேன்!" ஜோஸ்லின் பின்னாலேயே வந்தாள். வைத்தி கேட்ட முதல் கேள்விக்கே அவள் நேராகப் பதில் சொன்னாள். "எனக்கு அவ இடம் வேண்டாம் அங்கிள். வேணும்னு நினைச்சதே இல்லைன்னு பொய் சொல்லமாட்டேன். ஆனா நான் பண்ணல."

வைத்திக்கு அந்தப் பதில் பிடிக்கவில்லை. குற்றவாளி இவ்வளவு ஒழுங்காகப் பேசக்கூடாது. காற்று வாங்க பால்கனிக்குப் போனார். கீழே வேப்பமரத்தடியில் ஓர் ஆட்டோ நின்றது, பின்னால் தமிழில் 'முருகன் துணை'. பதினொரு மணிக்கு, காப்பி கொட்டிய வேட்டியை மாற்றி அலசிக் காயப்போட வந்தபோதும் அது அங்கேயேதான் நின்றது. டிரைவர் உள்ளே காலை நீட்டியிருந்தான். துவாரகாவில் தமிழ் எழுத்தைக் கண்டதில் அவருக்கு ஒரு சந்தோஷம், அவ்வளவுதான்.

பன்னிரண்டு அடித்து இரண்டு நிமிடத்தில் பாலு வந்தான். "டாப்ரி மோட் சிக்னல்ல ஒரே ஜாம்மா," என்று நெற்றியைத் துடைத்தான். அக்காவின் பக்கம் திரும்பவே இல்லை. சந்திரம்மாளும் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"வைத்தி சார், கீழ ஏதாவது ஆட்டோ நிக்கா?" என்றாள் பிலோமினா.

"முருகன் துணைன்னு ஒண்ணு. ஒரு மணி நேரமா நிக்கிறதே!"

பாலுவின் கை நெற்றியிலேயே நின்றுவிட்டது. பிலோமினா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள்.

"எனக்கு ஒரே ஒரு விஷயந்தான் உறுத்திச்சு. பன்னிரண்டு பதினாலுக்குக் கடிதம் எழுதி முடிஞ்சாச்சு. கையில போன் இருக்கு. அனுப்பறதுக்கு ஒரு நிமிஷம் ஆகுமா? ஏன் ஒண்ணேகால் மணி நேரம் காத்திருக்கணும்?"

"மனசாட்சி உறுத்தியிருக்கும்," என்றார் வைத்தி.

"மனசாட்சிக்குக் கடிகாரம் கிடையாது சார். இவர் கடிகாரம் பார்த்திருக்கார். புதன்கிழமை பன்னிரண்டுலருந்து ஒண்ணரை வரைக்கும் என்ன?"

வைத்தி வாயைப் பிளந்தார். கும்பகோணத்துக்காரருக்கு இதைச் சொல்லிக் கொடுக்க வேண்டியதில்லை. "ராகு காலம்!"

"ஆத்திரத்துல எழுதியாச்சு. ஆனா அனுப்பற காரியம் ராகு காலத்துல கூடாது. ஒண்ணரை தாண்டி ஒரு நிமிஷம் விட்டு அனுப்பியிருக்கார். ஜோஸ்லின் என்னை மாதிரி வேதக்காரப் பொண்ணு, அவளுக்கு அது கிடையாது. சுஷ்மாவும் ராகு காலம் பார்க்கிறவளா இருக்கலாம். ஆனா இந்த ஊர்க்காரங்க சூரிய உதயத்தை வச்சுக் கணக்குப் போடுவாங்க. ஜூலை மாசத்துல புதன்கிழமை அது ரெண்டு மணி தாண்டித்தான் முடியும். மணி அடிச்ச மாதிரி பன்னிரண்டு டு ஒண்ணரைங்கறது நம்ம தினசரிக் காலண்டர். இன்னைக்கு வெள்ளி. பத்தரைலருந்து பன்னிரண்டு. பக்கத்துலயே வந்து நின்னுட்டு, பன்னிரண்டு வரைக்கும் படியேறாத ஆள் யாரு?"

கெடுதல் செய்யவும் நல்ல நேரம் பார்த்தவனை வைத்தி அன்றுதான் பார்த்தார்.

சந்திரம்மாள் எழுந்த வேகத்தில் நாற்காலி சாய்ந்தது. "அடப்பாவி! நீயாடா!"

"நான்தான்!" பாலு கத்தினான். "தமிழ்ல பேசினா போனே இங்கிலீஷ்ல எழுதித் தருது. பார்த்து எழுதினேன், அனுப்பினேன். என் வீட்டைப் போக்கினவ மக பிளேன் ஏறணுமா? கேம்ப்பை இடிக்கிறதுக்கு முன்னால சர்வேக்கு வந்தவங்க என் குடிசையில யாரு இருக்காங்கன்னு கேட்டாங்க. இவ என்ன சொன்னா தெரியுமா? பூட்டிக் கிடக்கு, யாரும் இல்லைன்னு சொன்னா! இவளுக்கு ஃப்ளாட்டு. எனக்கு உத்தம் நகர்ல மொட்டை மாடி ரூமு."

அபிராமி அம்மாவைப் பார்த்தாள். "சொன்னியாம்மா?"

"சொன்னேன்." சந்திரம்மாளின் குரலில் கொஞ்சமும் வெட்கமில்லை. "உங்கப்பா செத்தப்ப பொறந்த வீட்டுக் கோடிச் சேலை வரல. அத்தனை பேர் முன்னால கோடி போட ஆளில்லாம நின்னேன். கூடப் பொறந்தவன் எங்கடின்னு கேட்டாளுங்க. இவன் குடிச்சிட்டுக் கிடந்தான். எனக்கு இல்லாத தம்பிக்கு எதுக்கு வீடு?"

பிலோமினா ஒரு வெள்ளைத்தாளையும் பேனாவையும் பாலுவின் முன் வைத்தாள். அவன் தள்ளிவிட்டான். "எழுதினா என்னை உள்ள வைப்பாங்க. மாட்டேன்."

சுஷ்மாவும் ஜோஸ்லினும் கெஞ்சினார்கள், வைத்தி போலீஸ் என்று மிரட்டினார். ஒன்றும் நடக்கவில்லை. மணி இரண்டரை ஆனது. அபிராமி தன் மாமாவின் எதிரே தரையில் உட்கார்ந்தாள்.

"வீடு கேட்டு நீ போட்ட அப்பீல் இன்னும் நடக்குதுல்ல மாமா? நீ அந்தக் குடிசையிலதான் இருந்தேன்னு அம்மா எழுதித் தருவா. நீ எனக்கு எழுதிக் குடு. போலீசுக்கு நான் போகமாட்டேன்."

"நான் தரமாட்டேன்," என்றாள் சந்திரம்மாள். "இவன் கையை ஒடிக்கணும்னு வந்தேன். இவனுக்கு வீடு வாங்கித் தரவா வந்தேன்?"

"அப்போ என் இடம் போகட்டும்மா. நரேலாலயே இருக்கேன். தினமும் நீங்க ரெண்டு பேரும் ஜெயிச்சதைப் பார்த்துக்கிட்டே இருக்கேன்."

சந்திரம்மாள் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டாள். மூன்று மணிவாக்கில் அவள் பிலோமினாவிடம் சொன்னாள்: "எழுதுங்கம்மா. அவன் அங்கதான் இருந்தான், நான்தான் பொய் சொன்னேன்னு எழுதுங்க. கைநாட்டு வைக்கிறேன்." அப்புறம் தம்பியைப் பார்க்காமலே, "ஆனா இன்னிக்குப் பொழுது சாயறதுக்குள்ள கோடிச் சேலை வரணும். இல்லன்னா கிழிச்சிடுவேன்" என்றாள்.

பாலு பேனாவை எடுத்தான். மூன்று பன்னிரண்டுக்கு அவனுடைய ஒப்புதல் ஜெர்மனிக்குப் போனது. நாலு மணிக்குள் பதில் வந்துவிட்டது. இடம் அபிராமிக்கே. வைத்தி கைதட்டினார், வேறு யாரும் தட்டவில்லை.

பாலு வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டு வெகுநேரம் நின்றான்.

"என்ன கலர்ல வாங்கட்டும்க்கா?"

"வெள்ளை வேணாம்," என்றாள் சந்திரம்மாள், முகத்தைத் திருப்பாமலே.