நெட்டைத் தோட்டா

தோட்டா உள்ளே போனது, துப்பாக்கியின் போல்ட்தான் மூடவில்லை. ஒரு சோள மணி அளவுக்கு இடைவெளி. ரெவாய் அதை வெளியே எடுத்துச் சட்டையில் துடைத்து மறுபடி போட்டுத் தள்ளினான். அதே சோள மணி.

அந்த பாவோபாப் மரப்பொந்தில் ஒரு ஆள்தான் குந்தலாம். வௌவால் எச்சத்தின் புளித்த நெடி தொண்டையில் இறங்க, வெளியே உச்சி வெயிலில் காயம்பட்ட எருமை மரத்தைச் சுற்றிச் சுற்றி வருவதும், அதன் மூச்சுக்குள் ரத்தம் கொப்பளிப்பதும், கொம்பு பட்டையை உரசும்போதெல்லாம் மரமே ஒருமுறை இருமுவது போல அதிர்வதும் அவன் முதுகெலும்புக்குள் கேட்டுக்கொண்டிருந்தன.

பெல்ட்டிலிருந்து இன்னொன்றை உருவினான். அதுவும் நெட்டை. அடுத்ததும்.

காலையில் ஜீப்பின் முன்மூடியில் இருவரும் பெல்ட்டுகளைக் காலி செய்து தோட்டாக்களை நிறுத்தி வைத்திருந்தார்கள். தங்கை புருஷன் ஜைரோஸ்தான் ஆரம்பித்தான்.

"ரெண்டும் நானூத்தி அம்பத்தெட்டு அளவுதான் மச்சான். ஆனா என்னோடது நெட்டை, மருந்து கூட. எருமை நெத்தியில போனா வால் வழியா வரும்."

"கூடவே உன் தோளும் கழண்டு வரும். சுடத் தெரிஞ்சவனுக்குக் குட்டை போதும்."

"என் துப்பாக்கி உன் குட்டையையும் தின்னும். உன்னோடது என் நெட்டையைத் தின்னுமா?"

"கண்ட வீட்லயும் கை நனைக்கிற ஜென்மம். உன்ன மாதிரியே."

சிரித்துக்கொண்டே அள்ளிச் செருகினார்கள். இரண்டும் ஒரே மாதிரிப் பெல்ட். எது யாருடையதென்று யார் பார்த்தார்கள்? ஜைரோஸின் துப்பாக்கி எதைப் போட்டாலும் வெடிக்கும். துப்பாக்கியில் ஏற்கெனவே இருந்த மூன்றை ரெவாய் சுட்டுத் தீர்த்துவிட்டான். எருமை விழவில்லை, பாய்ந்தது; பொந்துக்குள் ஓடி ஒளிந்தான். அப்புறம் புதருக்கு அந்தப் பக்கம் ஜைரோஸின் வெடி இரண்டு. பிறகு ஒன்றுமில்லை.

அவனைக் காப்பாற்றக்கூடிய குட்டைத் தோட்டாக்கள் எல்லாம் ஜைரோஸின் இடுப்பில்.

குளம்போசை நின்றது.

"ரெவாய்."

ஜைரோஸின் குரல், பொந்து வாயருகே. ரத்தத் தடத்தில் இறங்கிய பின் யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை, காடு கேட்டு வைத்துக்கொள்ளும் என்று. குலப்பெயர்தான். ரெவாய் என்றால் சோகோ, ஜைரோஸ் என்றால் ஹுங்வே. பத்து வருஷத்தில் ஒரு நாளும் ஜைரோஸ் தவறியதில்லை.

"ஹுங்வே, நீயா?"

"ரெவாய், வெளிய வா."

"எருமை எங்க?"

"போயிருச்சு. வா மச்சான்."

"பெல்ட் மாறிப்போச்சு. என்னோட குட்டை உங்கிட்ட இருக்கு. முதல்ல அதுல ஒண்ணு குடு."

பிறகு பொந்து வாயில் வெளிச்சம் மறைந்தது. ஒரு கை உள்ளே வந்தது. ஜைரோஸின் காக்கிச் சட்டைக் கை. உள்ளங்கையில் ஒரு குட்டைத் தோட்டா.

எடுத்தான். ஈரமாக இருந்தது. துப்பாக்கிக்குள் போட்டான்.

போல்ட் மூடியது.

வந்த நிம்மதியில் அழுகையே வந்துவிட்டது. "பெயரச் சொல்லிக் கூப்பிட்டு உயிரையே எடுத்துட்டியேடா" என்றான். யாரும் சிரிக்கவில்லை. பின்னால் மரத்தில் விரலகல வெடிப்பு ஒன்றிருந்தது. அதில் கண்ணை வைத்தான்.

முப்பதடி தூரத்தில் எருமை நின்றது. தலையைத் தாழ்த்தி, எதையோ முகர்ந்தபடி.

அதன் காலடியில் ஜைரோஸ்.

மல்லாந்து கிடந்தான். மார்பில் ஈ. வாய் திறந்திருந்தது. இரண்டு கைகளும் மண்ணில் விரிந்து கிடந்தன. இரண்டும்.

ரெவாய் மெதுவாகத் திரும்பினான்.

கை இன்னும் உள்ளேதான் இருந்தது. முழங்கை வரை வந்திருந்தது. இப்போது தோள் வரை. தோள் இருக்க வேண்டிய இடமும் தாண்டிப் போயிருந்தது. கை இன்னும் வந்துகொண்டே இருந்தது. அவன் முழங்காலைத் தொட்டது. பொறுமையாக, மல்லாந்து விரிந்தது.

"ரெவாய். இன்னொண்ணு வேணுமா?"