குத்தாலிங்கச் சுருளி

"புதுசுன்னு சொன்னது யாரு மைனி? நானா சொன்னேன்? உங்க வாயாலதானே சொன்னீங்க. பந்தக்கால் நட்டு, சமையலுக்கு ஆளும் சொல்லியாச்சு. இப்ப வந்து பாக்கணும், யோசிக்கணும்னா என்ன அர்த்தம்?"

ஆவுடையம்மாள் போட்ட சத்தத்தில் கண்ணாடிக்காட்டின் வாசல் கதவு லேசாக அதிர்ந்தது. எதிரே கையில் லென்ஸோடு நின்ற சண்முகவடிவும் குரலைத் தாழ்த்திப் பேசுகிற ஆள் இல்லை.

"புதுசா இருக்கலாம்னு சொன்னேன். 'லாம்' உங்க காதுல விழலேன்னா அதுக்கு நானா பொறுப்பு?"

"ஆமா, லாம். கல்யாணத்தையும் நடக்கலாம்னு பத்திரிகை அடிச்சிருவோம்."

மாப்பிள்ளை நம்பிராஜன் தன் அம்மாவின் முதுகுக்குப் பின்னால் நின்று, சொந்தச் செருப்பை முதன்முறையாகப் பார்ப்பவன்போல் பார்த்துக்கொண்டிருந்தான். தெருவே அவரவர் குழாயடியில் வந்து நின்றுவிட்டது. தண்ணீரை வீணாக்குவது குற்றம் என்பதால், குழாயைத் திறக்காமலேயே அடியில் குடத்தை வைத்துக்கொண்டு எல்லோரும் சண்டையைக் கேட்டார்கள். யாருக்கும் குடம் நிறையவில்லை. யாருக்கும் அவசரமும் இல்லை.

ஒரு செடிக்காக இத்தனை கூச்சலா என்று கேட்பவர்கள் இந்தக் குடியிருப்புக்குப் புதியவர்களாகத்தான் இருக்க வேண்டும்.

ஐந்தருவி என்பது பேருந்து நிறுத்தத்தின் பெயராக மட்டும் மிஞ்சிப்போன காலம் இது. மழை கடலோடு நின்றுகொண்டது. பனாமாவிலும் கோஸ்டாரிகாவிலும் அமேசான் கரையிலும் இருந்த காடுகள் எரிந்து அடங்கியபின், மிச்சம் கிடைத்த கிழங்குகளை உலகத்தார் ஆளுக்கு ஒரு தாவரக் குடும்பமாகப் பங்கு போட்டுக்கொண்டார்கள். குற்றால மலையடிவாரத்தில் வீட்டு வாசல்கள்வரை கண்ணாடிக் கூரை போட்டு வளர்க்கும் இந்தக் கண்ணாடிக்காட்டுக்கு வந்து சேர்ந்தது சுருள் இஞ்சி. அக்காலத்து மக்கள் சர்க்கரை நோய்க்கு மென்று தின்ற இன்சுலின் செடிக்கு ஒன்றுவிட்ட உறவு. ஓர் இலைக்கு நேர் மேலே அடுத்த இலை வராது. பக்கத்து வீட்டு விஷயத்தை எட்டிப் பார்க்கிற மாதிரி ஒவ்வொன்றும் கொஞ்சம் ஒதுங்கி ஒதுங்கி, தண்டைச் சுற்றிக்கொண்டே மேலே ஏறும். உச்சியில் அன்னாசிக்காய் போலச் செதில் அடுக்கிய கூம்பு. கூம்பிலிருந்து காலையில் ஒரு பூ வரும், மாலையில் உதிரும். தேன்சிட்டுகளுக்குப் பதிலாகப் பூந்தும்பி என்கிற ட்ரோன் ரீங்காரமிட்டுக்கொண்டு மகரந்தம் தூவும். தெருவுக்கு அது சுருளி.

சட்டம் இதுதான். விவரித்துப் பெயர் வைக்கப்பட்ட ஒவ்வோர் இனமும் சட்டத்தின் முன் ஓர் ஆள். அதற்கு நீர்ப்பங்கு உண்டு. பெயர் ஒரு குடும்பத்தின் பெயராக இருக்கும். அந்தக் குடும்பம் செடிக்குக் காவல். செடி மூச்சுவிட்டுக் கண்ணாடியில் வியர்க்கும் தண்ணீர் அந்தக் குடும்பத்தின் குழாயில் வரும். ஒரு பெயர், ஒரு வீடு, ஒரு குழாய். மூத்த பிள்ளைக்குக் குழாய் போய்விடும். இளையவன் கல்யாணம் செய்துகொள்ள வேண்டுமென்றால் புதிதாக ஓர் இனம் கிடைக்க வேண்டும், இல்லையென்றால் தூத்துக்குடிக் கடற்கரைக் கொட்டடியில் உப்பு நீக்கும் ஆலைக்கு வேலைக்குப் போக வேண்டும். ஆகவே பெண் பார்க்கப் போனால் மாப்பிள்ளை என்ன படித்திருக்கிறார் என்று யாரும் கேட்பதில்லை. "பையனுக்குச் செடி இருக்கா?" என்பதுதான் முதல் கேள்வி.

மரபணுவை இயந்திரத்தில் வாசித்து இனம் பிரித்த காலமும் இருந்தது. ஏதோ ஒரு கண்ணாடிக்காட்டில் ஒவ்வொரு தூரையும் தனி இனம் என்று இயந்திரத்தைச் சொல்லவைத்து, ஒரு தெருவே ஆற்றை வாங்கிவிட்டது. அதன்பிறகு உயிர்ப்பதிவு மன்றம், மனிதக் கண்ணும் கைலென்ஸும் மலர்ந்த பூவும் போதும் என்று உத்தரவு போட்டது. அந்த மனிதக் கண்ணுக்குப் பெயர் விவரிப்பாளர். பாரபட்சம் கூடாது என்பதற்காக விவரிப்பாளருக்குச் செடி கிடையாது. உத்தியோகம் இருக்கும்வரை மன்றத்துத் தண்ணீர். உத்தியோகம் போனால் அன்றைக்கே அதுவும் போகும்.

சண்முகவடிவு அப்படிப்பட்ட விவரிப்பாளர். புருஷன் இல்லை. ஒரே மகள் உலகம்மை. இந்தத் தெருவிலேயே வடிவுக்கும் மகளுக்கும் மட்டும்தான் சொந்தக் குழாய் இல்லை. வடிவு ஓய்வு பெறுகிற நாளில் உலகு இங்கே இருக்க வேண்டுமென்றால், அது ஒரு செடியுள்ள மாப்பிள்ளை மூலமாகத்தான் முடியும்.

ஆவுடையம்மாளின் இளைய மகன் நம்பி; வீட்டு ஆவுடைச் சுருளி மூத்தவனுக்குப் போய்விட்டது. அவனுக்கு முதலில் பேசி வைத்திருந்தது குத்தாலிங்கத்தின் ஒரே மகள் பிரமுவை. குத்தாலிங்கத்துக்கு ஒரு சுருளி இருந்தது, அது பிரமுவுக்கு வரும் என்று எல்லாம் முடிவாகியிருந்தது. அப்போதுதான் வடிவு லென்ஸை வைத்துப் பார்த்து, குத்தாலிங்கச் சுருளியும் ஆவுடைச் சுருளியும் ஒரே இனம்தான் என்று எழுதினாள். இரண்டு பெயர் ஒரே செடி என்றால் மூத்த பெயர் நிற்கும், பிந்தியது சாகும். குத்தாலிங்கத்தின் செடியைத் தோண்டி எருக்குழியில் போட்டார்கள். குழாயை அடைத்தார்கள். அந்தக் குடும்பம் மூட்டையோடு கடற்கரைப் பேருந்தில் ஏறியது. அவர்கள் ஏறிய பேருந்தின் புழுதி அடங்குவதற்குள் ஆவுடையம்மாள் வடிவின் வீட்டுக்கு வந்து, "உலகுக்கு என்ன வயசாகுது மைனி?" என்று விசாரித்தாள். புது இனம் என்று எழுதுகிற கை சம்பந்தி வீட்டில் இருந்தால் நம்பிக்கும் ஒரு செடி வராமலா போகும்?

தெரு இதைக் கவனிக்காமல் இருக்குமா? நல்ல மாப்பிள்ளை தன் மகளுக்கு வர வேண்டும் என்றுதான் வடிவு அந்தச் செடியின் பெயரை அடித்தாள் என்று தெரு பேசியது. வடிவின் காதில் விழும்படியே பேசியது. அது பொய் என்று அவளுக்குத் தெரியும். தெரிந்ததால் தலையை நிமிர்த்தி நடந்தாள். அந்த நடையையும் தெரு திமிர் என்றது.

இப்படியே ஒன்றிரண்டு வருஷம் ஓடியபின்தான் மேற்கு மூலையில், பம்ப் அறைக்குப் பின்னால், யாரும் நடாத ஒரு சுருளி பூத்தது. இலையின் அடிப்பக்கம் முழுக்க வெல்வெட் மாதிரி முடி. வெளிர்மஞ்சள் பூ, உதட்டில் சிவப்பு விளிம்பு. வடிவு பார்த்துவிட்டுச் சந்தோஷத்தில் வாய்விட்டுவிட்டாள், புதுசா இருக்கலாம் என்று. அந்த "லாம்" வாசலைத் தாண்டுவதற்குள் பந்தக்கால் நட்டாகிவிட்டது. செடிக்கு நம்பிச் சுருளி என்று ஆவுடையம்மாளே பெயர்கூட வைத்துவிட்டாள்.

சண்டை முடிந்து வடிவு வேலையறைக்குள் போனாள். புது இனத்தை விவரிப்பதற்குமுன் அதற்கு நெருங்கிய எல்லாவற்றோடும் ஒப்பிட வேண்டும், பெயர் செத்தவற்றோடும்கூட. குத்தாலிங்கச் சுருளியின் உலர்ந்த மாதிரியை எடுத்தாள். அதன் பூவை வெந்நீரில் ஊறவைத்து விரித்தாள். மூலைச் செடியின் பூவை அதன் பக்கத்தில் வைத்தாள். உதடு, மகரந்தத் தாள், செதிலின் நுனி எல்லாம் இரட்டைப் பிள்ளைகள்போல் இருந்தன. வித்தியாசம் ஒன்றே ஒன்று. உலர்ந்த மாதிரிக்கு இலையில் முடி இல்லை.

முடி இல்லை என்பதை வைத்துத்தானே அதை, முடியே இல்லாத ஆவுடைச் சுருளி என்று எழுதினாள்.

சுருளியின் ஒவ்வோர் இலைக்கும் அடியில் தண்டைச் சட்டைக்கை மாதிரி சுற்றி மூடும் ஓர் உறை உண்டு. உலர்ந்த தண்டில் அந்த உறையைக் கத்திமுனையால் கீறித் திறந்தாள். உள்ளே, ஈரத் துணியும் விரலும் போக முடியாத இடத்தில், வெல்வெட் அப்படியே இருந்தது.

வடிவுக்குச் செல்லத்தாயின் நினைவு வந்தது. குத்தாலிங்கத்தின் மனைவி. வீட்டுச் செடியை ஈரத் துணியால் துடைத்துக் குத்துவிளக்கு மாதிரி துலக்கி வைப்பது இந்தத் தெருப் பெண்களின் வெள்ளிக்கிழமை வழக்கம் என்றால், செல்லத்தாய்க்குத் தினமும் வெள்ளிக்கிழமைதான். சுருள் விரிகிற குருத்திலையைக்கூட விடமாட்டாள். "எப்படி மினுங்குது பாருங்க அக்கா" என்பாள். வடிவும் பார்த்து, "கண்ணாடி மாதிரி இருக்கு செல்லத்தாயி" என்று பாராட்டியிருக்கிறாள். அந்தக் கண்ணாடியைத்தான் பிறகு லென்ஸில் பார்த்து, முடியற்றது என்று எழுதினாள்.

மிச்சமும் தானாக விளங்கியது. எருக்குழி பம்ப் அறையை ஒட்டித்தான் இருக்கிறது. சுருளியின் முற்றிய கூம்பில் குட்டிச் செடிகள் முளைப்பது உண்டு. எறிந்ததில் ஒன்று தப்பிப் போய் மூலையில் வேர்விட்டிருக்கிறது. அதை யாரும் துடைக்கவில்லை.

வீட்டுக்கு வந்து மகளிடம் சொன்னாள். உலகு தட்டில் கையை வைத்தபடியே கேட்டுக்கொண்டிருந்தாள்.

"இதை வேற யார் கண்டா?"

"யாரும் காணல."

"அப்ப முடி இருக்குன்னு எழுதும்மா. இருக்குல்லா? பூ மஞ்சள்னு எழுது. மஞ்சள்தானே? இதுல எது பொய்?"

வடிவு வரும் வழியிலேயே அந்த விவரிப்பை மனதுக்குள் எழுதிப் பார்த்துவிட்டுத்தான் வந்திருந்தாள். ஒவ்வொரு வரியும் உண்மையாகத்தான் இருந்தது. தலைப்பு மட்டும்தான் பொய்.

"பிரமுவோட செடிட்டி அது" என்றாள் வடிவு.

"பிரமு இங்க இல்ல. நான் இருக்கேன்."

"நான் மாப்பிள்ளைக்காகத்தான் அவங்களை விரட்டினேன்னு இத்தனை நாளா பேசுதாங்க. அது பொய்யின்னுதான் நான் இந்தத் தெருவுல நடமாடுதேன். இதை எழுதிட்டா அது நிசமாயிரும்லா."

உலகு தட்டை நகர்த்திவைத்தாள். "அன்னைக்கும் உனக்கு நிச்சயமாத் தெரியும்னுதான் எழுதின. இன்னைக்கும் நிச்சயமாத் தெரியுதுன்னு எழுதப் போற. ரெண்டு தடவையும் போறது ஒரு பொம்பளப் பிள்ளை வாழ்க்கை. உன் நடைக்கு ஒண்ணும் கேடில்ல."

மறுநாள் வடிவு மன்றத்துக்கு எழுதினாள்: மூலைச் செடி புதிது அல்ல, குத்தாலிங்கச் சுருளி தனி இனம், அதன் பெயர் உயிரோடு இருக்கிறது, பிழை என்னுடையது. அதை நேர்மை என்பதா, வீம்பு என்பதா என்பதில் தெருவுக்கு இன்றுவரை ஒரு முடிவு ஏற்படவில்லை.

மன்றம் அதை ஒப்புக்கொண்டு பதில் அனுப்பிய அன்று தெருவே குடங்களோடு வந்து நின்றது. ஆவுடையம்மாள் என்ன ஆட்டம் ஆடப்போகிறாளோ என்று பார்க்க வந்தவர்களுக்குப் பெரிய ஏமாற்றம். அவள் குரலே உயரவில்லை.

"அப்ப அந்தக் குழாய் யாருக்கு மைனி?"

"குத்தாலிங்கம் அண்ணாச்சிக்கு."

"அவர்தான் போன கோடையில தவறிட்டாராமே. செல்லத்தாயும் அதுக்கு முந்தியே."

வடிவுக்கு அது தெரியாது. "அப்ப பிள்ளைக்கு" என்றாள்.

"பிரமுவுக்கு" என்று ஆவுடையம்மாள் தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். நம்பி முதல்முறையாகச் செருப்பிலிருந்து பார்வையை எடுத்தான். அம்மாவும் மகனும் வீட்டுக்குப் போனார்கள்.

அடுத்த நாள் காலை வடிவு வேலைக்குப் போகிற வழியில் ஐந்தருவி நிறுத்தத்தில் கடற்கரைப் பேருந்து நின்றது. சன்னலோரம் ஆவுடையம்மாள் பட்டுச்சேலையில் உட்கார்ந்திருந்தாள். மடியில் தாம்பாளம், அதில் வெற்றிலை, பாக்கு, பூ. வடிவைப் பார்த்ததும் சிரித்து, "போயிட்டு வாரேன் மைனி" என்று தலையை ஆட்டினாள். பேசி வைத்த இடம்தானே, விட்ட இடத்தில் தொடர்ந்தால் என்ன குற்றம்.

அதே பந்தல், அதே சமையல்காரர். வாசல் திரையில் பெண்ணின் பெயரை மட்டும் மாற்றினார்கள். பிரமு உப்புக் காற்றில் கறுத்து, பழைய கன்னக்குழி போய், தாலி ஏறும்போதுகூட யாரையும் நிமிர்ந்து பார்க்காமல் உட்கார்ந்திருந்தாள். மேற்கு மூலைச் செடியைப் பெயர்த்து அவள் வாசலில் வைத்துக் குழாயைத் திறந்துவிட்டார்கள். முதல் தண்ணீரில் பிரமு ஒரு துணியை நனைத்துப் பிழிந்தாள்.

வடிவு பந்தலுக்கு வெளியே நின்றிருந்தாள். பொறுக்க முடியாமல் கிட்டே போனாள். "தொடைக்காதம்மா. முடி போயிரும். அடுத்து லென்ஸோட வாரவன் அதை வச்சுத்தான் பார்ப்பான்."

பிரமு அப்போதுதான் நிமிர்ந்தாள். "உங்க பேச்சைக் கேட்டு ஒருவாட்டி போனோம் அத்தை. போதும்."

ஆவுடையம்மாளும் பக்கத்திலிருந்து, "நல்ல நாளும் அதுவுமா செடியைத் தூசியோட வைக்கச் சொல்லுதாளே. எலையைத் தொடைச்சா முடி கொட்டுமாம்" என்று உறவினர்களைப் பார்த்துச் சிரித்தாள். உறவினர்களும் சிரித்தார்கள்.

பிழையை ஒப்புக்கொண்ட விவரிப்பாளர் லென்ஸ் பிடிக்கக்கூடாது என்பது விதி. கல்யாணம் முடிந்த வாரமே அந்த உத்தரவும் வந்து வடிவின் உத்தியோகம் போயிற்று, மன்றத்துத் தண்ணீரும் அன்றைக்கே நின்றது. உலகு அதற்கும் முன்பே கிளம்பிவிட்டாள். கடற்கரைக் கொட்டடியில் அப்போது காலியாக இருந்தது ஒரே ஒரு படுக்கை, பிரமு விட்டுவிட்டு வந்தது. உலகுக்கு அதையே கொடுத்தார்கள். பிறகு அங்கே ஆலையில் வால்வு பார்க்கிற, மனைவியை இழந்த ஒருவரைக் கட்டிக்கொண்டாள். அம்மாவுக்குச் சொல்லி அனுப்பவில்லை. அந்தச் செய்தியையும் வடிவுக்குத் தெரிவித்தது ஆவுடையம்மாள்தான், அக்கறையோடு. வடிவு அம்பாசமுத்திரத்தில் தம்பி வீட்டில் இருக்கிறாள். அங்கே லாரித் தண்ணீர். நம்பியும் பிரமுவும் சண்டை சச்சரவில்லாமல் இருக்கிறார்கள், பேசிக்கொண்டால்தானே சண்டை. பங்குனிக்குப் பிறகு நாகர்கோவிலிலிருந்து புது விவரிப்பாளர் வருகிறாராம், ரொம்பக் கறாரான ஆள் என்று கேள்வி. பிரமுவின் வாசலில் செடி கண்ணாடி மாதிரி மினுங்கிக்கொண்டிருக்கிறது.